ரேடியோ நெல்லும் பேட்டரிக் கட்டையும்

1960களின் பிற்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்து உழவர்கள் ஒரு நெல் ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய காலக் குறுவை ரகம் அது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஊர் ஜி.இ.பி. 24 ரகத்தையும் இணைத்து உருவாக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் அதைப் பற்றிச் சொன்னது, உழவர்கள் கேட்டார்கள், பயிரிட்டார்கள். கேட்ட கருவியின் பெயரே விதைக்கும் பெயராகிவிட்டது.

இந்திய ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தச் செய்தியைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். வானொலி நிலையம், வேளாண் துறை, ஆராய்ச்சி நிலையம் மூன்றும் அதில் இடம்பெறும். ஒரு பொருள் மட்டும் விடுபட்டுப்போகும். அது உழவர் வீட்டு வானொலிக்குள் கிடந்த பேட்டரிக் கட்டை. துத்தநாகக் குப்பிக்குள் கரிக்கோலும் கருப்புப் பொடியும் அடைத்த அந்தக் கட்டை இல்லாமல் டெல்டாவின் பல ஊர்களில் 1966ல் எந்த ஒலிபரப்பும் காதில் விழுந்திருக்காது. கையடக்க வானொலிக்கு மின்சாரம் எப்படிக் கிடைத்தது, எங்கே தடைப்பட்டது, தடைப்பட்டபோது என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். இங்கே தஞ்சாவூர் மாவட்டம் என்பது பழைய மாவட்டத்தைக் குறிக்கும். இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அதில் அடங்கும்.

இரண்டு பேட்டரி கேட்ட பெட்டி

தமிழகத்தில் ஒலிபரப்பு 1924ல் சென்னையில் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927ல் அது நின்றது. 1930ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. இவையெல்லாம் நகரத்துக்குள் மட்டும் கேட்ட குரல்கள். டெல்டாவுக்கு எட்டும் நிலையம் 1939 மே 16 அன்றுதான் திருச்சிராப்பள்ளியில் வந்தது.

நிலையம் வந்துவிட்டது, கேட்பதற்குப் பெட்டி வேண்டும். அன்றைய வானொலி வால்வுகளால் ஆனது. வால்வு என்பது காற்றை நீக்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஓர் இழை சூடாக வேண்டும். அதிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களை எதிர்த் தகட்டுக்கு இழுக்க உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். ஒரே பெட்டிக்கு இரண்டு விதமான மின்சாரம் தேவைப்பட்டது இதனால்தான். இழைக்கு 1.5 அல்லது 2 வோல்ட் போதும். ஆனால் அதன் மின்னோட்டம் அதிகம். நான்கு வால்வுப் பெட்டியின் இழைகள் கால் ஆம்பியர் வரை குடித்துவிடும். தகட்டுக்கு 90 வோல்ட் வேண்டும், மின்னோட்டம் மிகக் குறைவு. 90 வோல்ட் என்றால் 1.5 வோல்ட் கட்டைகள் 60 வரிசையாக இணைந்த கனமான பொட்டலம். ஒன்று தீர்ந்தாலும் பெட்டி ஊமை. எது தீர்ந்தது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றியவர்கள் உண்டு.

இழைக்குக் கார்களில் உள்ளதைப் போன்ற ஈய அமில பேட்டரியை வைத்தவர்களுக்கு வேறு தொல்லை. அதைத் திரும்பத் திரும்ப மின்னேற்ற வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் மின்னேற்றுவது எப்படி? வண்டியிலோ பேருந்திலோ ஏற்றிக்கொண்டு பட்டணத்துச் சார்ஜ் கடைக்குப் போக வேண்டும், அமிலம் சிந்தாமல் திரும்ப வேண்டும். முழுவதும் தீரும்வரை பயன்படுத்திவிட்டு அப்படியே போட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் வெள்ளை உப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு எத்தனை மணி நேரம் ஏற்றினாலும் பழைய வலு வராது. பத்து நாள் வெயிலும் பத்து நாள் மழையுமாக வேலை நெருக்கும் ஊரில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் போவதற்கு எந்த வீட்டிலும் தனி ஆள் கிடையாது.

ஊராட்சி வைத்த பொதுவானொலியும் இதே சிக்கலுக்குள்தான் இருந்தது. சாவடியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ பெட்டி பூட்டிக்கிடக்கும். வெளியே கூம்பு ஒலிபெருக்கி. சாவி ஒருவரிடம், பொறுப்பு இன்னொருவரிடம். 1956ல் புனேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் யுனெஸ்கோ உதவியுடன் ‘வானொலி உழவர் மன்றம்’ என்ற சோதனை நடந்தது. ஊரார் கூடி உட்கார்ந்து ஒலிபரப்பைக் கேட்பார்கள், கேட்டதைப் பற்றிப் பேசி முடிவெடுப்பார்கள். சோதனை வெற்றி என்று தீர்மானமாகி, திட்டம் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. ஆனால் கூட்டத்தின் நடுவே இருக்கும் பெட்டி வாய் திறக்காவிட்டால் மன்றம் ஏது? பொதுப்பெட்டியைப் பழுதுபார்ப்பது யார், பேட்டரிக்குப் பணம் தருவது யார் என்ற இரண்டு கேள்விகளும் நிகழ்ச்சியின் தரத்தைவிட முக்கியமானவை என்பது என் எண்ணம்.

வாய்க்கால் பாய்ந்த ஊரும் மின்கம்பி போன ஊரும்

மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. அங்கே நீர்மின் உற்பத்தி 1937ல் தொடங்கியது. டெல்டாவுக்கு நீரும் அங்கிருந்துதான், மின்சாரத்தில் ஒரு பகுதியும் அங்கிருந்துதான். ஆனால் நீர் வந்த வேகத்தில் மின்சாரம் ஊருக்குள் வரவில்லை.

கோயம்புத்தூரை ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே பைக்காரா மின்சாரம் 1930களில் வந்ததும் பஞ்சாலையும் கிணற்று மோட்டாரும் அதை இழுத்துக்கொண்டு போயின. ஆழமான கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்தவருக்கு மோட்டார் ஒரு விடுதலை. அவர் கேட்டார், கம்பி வந்தது. தஞ்சாவூரின் பழைய டெல்டாவில் வாய்க்காலைத் திறந்தால் வயலுக்குத் தானாகத் தண்ணீர் பாயும். மோட்டாருக்கு வேலை இல்லாத இடத்தில் மின்கம்பியை வயல்வரை இழுக்கும் அவசரமும் இல்லை. குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வருமுன்பே நாற்றுவிட வேண்டும் என்ற எண்ணத்தில் 1960களில் ‘பில்டர் பாயிண்ட்’ ஆழ்துளைகள் பரவியபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

மின்சாரம் வந்த ஊரிலும் ஒரு தொல்லை இருந்தது. கிராம நிகழ்ச்சி வரும் நேரம் மாலை. எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரமும் அதுவே. மின்மாற்றியிலிருந்து தொலைவில் இருக்கும் தெருக்கோடியில் 230 வோல்ட் 160, 150 என்று இறங்கிவிடும். பல்பு செவ்வரளிப்பூ நிறத்தில் மினுங்கும். வால்வு வானொலியில் நிலையத்தைப் பிடிப்பதற்கு உள்ளே ஓர் அலையியற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இழை போதிய சூடு பெறாவிட்டால் முதலில் நிற்பது அதுதான். பெட்டியில் விளக்கு எரியும், லேசான இரைச்சல் வரும், திருச்சி வராது. பெட்டி கெட்டுவிட்டதென்று மறுநாள் காலை கடைக்குத் தூக்கிப்போனால் அங்கே முழு மின்னழுத்தத்தில் ஜோராகப் பாடும். உள்ளே பழுதே இல்லாத இந்தப் பழுது மெக்கானிக்குகளுக்கு ஒரு தலைவலி.

டிரான்சிஸ்டர் வந்தது

டிரான்சிஸ்டரை 1947ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். அதைக் கொண்டு செய்த முதல் விற்பனை வானொலி 1954ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1955ல் ஜப்பானின் சோனி தன் முதல் பெட்டியை விற்றது. இந்தியாவில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியது. பிலிப்ஸ், மர்பி, புஷ், நெல்கோ எனப் பெட்டிகள் கடைக்கு வந்தன. தோல் உறை, தோளில் மாட்டும் வார், பின்பக்கம் நான்கு பெரிய கட்டைகள்.

டிரான்சிஸ்டருக்குச் சூடான இழை கிடையாது. 90 வோல்ட்டும் வேண்டாம். 6 வோல்ட் போதும். சத்தம் குறைவாக வைத்தால் 10 முதல் 20 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கும். இழைக்கு மட்டும் கால் ஆம்பியர் கேட்ட வால்வுப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் இறுதிக் கட்டத்து இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாற்றி மாற்றி வேலை செய்யும் வகையில் இணைந்திருந்ததால், பேச்சு இல்லாத இடைவெளியில் மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டினால்தான் கட்டை கரையும். “மெதுவா வை, கட்டை தீந்துபோயிடும்” என்று பெரியவர்கள் கத்தியது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். மின்னியலின்படி அவர்கள் சொன்னது சரி.

கட்டையின் வரலாறு பழையது. பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1860களில் செய்த மின்கலத்தின் வாரிசு அது. வெளிக்குப்பி துத்தநாகம், நடுவில் கரிக்கோல், சுற்றிலும் மாங்கனீசு டைஆக்சைடுப் பொடியும் நவச்சாரக் கூழும். புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட். தமிழகத்துப் பெட்டிக்கடைகளில் தொங்கியவை பெரும்பாலும் பூனை 9க்குள் பாயும் படம் போட்ட எவரெடி. 1970களில் நிப்போவும் சேர்ந்துகொண்டது. எவரெடியைச் செய்த யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனம்தான் போபால் ஆலையையும் நடத்தியது என்பது 1984 டிசம்பருக்குப் பிறகே பலருக்குத் தெரிந்தது.

1966

தஞ்சாவூர் 1960ல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானது. நாட்டில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று. போர்டு அறக்கட்டளையின் துணையுடன் விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கொடுப்பது திட்டம். ஊரில் ‘பாக்கேஜ்’ என்றார்கள். 1966ல் அகில இந்திய வானொலி சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளைத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளியும் அதில் சேர்ந்தது. அதே சமயம் ஏ.டி.டி. 27 வயலுக்கு வந்தது.

இந்த மூன்றும் ஒன்றாக வந்ததைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நான்காவதாக டிரான்சிஸ்டரும் அந்த ஆண்டுகளில்தான் ஊருக்குள் வந்தது. குறுவையின் இயல்பைப் பார்த்தால் அது ஏன் முக்கியம் என்று தெரியும். வழக்கப்படி ஜூன் 12ல் மேட்டூர் திறக்கும். நாற்று, நடவு, மேலுரம், பூச்சிமருந்து எல்லாம் மூன்றரை மாதத்துக்குள் நெருக்கி நடக்க வேண்டும். புது ரகத்துக்கு யூரியா எப்போது, எவ்வளவு என்பது தாத்தாவுக்குத் தெரியாது; அவர் அந்த நெல்லைப் பார்த்ததே இல்லை. அச்சடித்த துண்டறிக்கை படிக்கத் தெரிந்தவருக்கு உதவும். கிராம சேவகர் எல்லா ஊருக்கும் அன்றே வர முடியாது. அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லக்கூடியது வானொலி ஒன்றுதான். அது சாவடியில் பூட்டிக் கிடக்காமல் களத்துமேட்டுக்கும் வரப்புக்கும் வந்ததற்குக் காரணம் கட்டை.

பேட்டரியைக் குடித்தது பண்ணை நிகழ்ச்சி மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. வேதாரண்யத்திலிருந்து பார்த்தால் இலங்கை கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. 1950களில் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கியது. கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957ல் விவித பாரதி தொடங்கிய பின்னும் டெல்டாவின் கடற்கரை ஊர்களில் இலங்கை ஒலிபரப்பு செல்வாக்கோடு இருந்தது. பாட்டுக்காக வாங்கிய கட்டையில் மிச்சமிருந்த மின்சாரத்தில்தான் நெல்லைப் பற்றிய பேச்சும் கேட்டது என்று சொன்னாலும் தவறில்லை.

நெல்லாகக் கூலி, காசாகக் கட்டை

கட்டை வாங்கக் காசு வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். தஞ்சாவூரில் அது சின்ன விஷயம் அல்ல.

இங்கே வயலில் உழைத்தவர்களுக்குக் கூலியின் பெரும்பகுதி நெல்லாக, மரக்கால் கணக்கில் கிடைத்தது. பண்ணையாள் முறையைக் கட்டுப்படுத்த 1952ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த மாவட்டம் இது. நெல்லாகக் கூலி வாங்குபவர் அதை விற்றுத்தான் கட்டை வாங்க வேண்டும், விற்றால் அன்றைய சோறு குறையும். வானொலிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் கட்ட வேண்டும். உரிமம் இல்லாமல் கேட்பது குற்றம். அந்தக் கட்டணம் 1980களில்தான் ஒழிந்தது. ஆகவே ரேடியோ நெல் என்று பேர் வைத்தவர்கள் யார் என்று கேட்டால், பெட்டியும் உரிமமும் நான்கு கட்டைக்குக் காசும் உள்ளவர்கள். நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் அந்தக் குரல் தேநீர்க் கடை வழியாகவும் பண்ணை வீட்டுத் திண்ணை வழியாகவும் ஓரமாக வந்து சேர்ந்தது. தேநீர்க் கடைக்குள் எல்லோரும் சமமாக உட்காரவும் முடியாத காலம்.

புது ரகத்தால் விளைச்சல் கூடியது. கூடியதில் பங்கு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினம் வட்டம் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலித் தகராறும் சங்கம் வைத்த ஆத்திரமும் அதன் பின்னணி. ரேடியோ நெல்லின் வரலாற்றை விளைச்சல் கணக்கோடு நிறுத்திக்கொள்பவர்கள் அந்தக் கணக்கின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

மின்சாரம் சேரி வரை வர இன்னும் காலம் ஆனது. பிறகு வந்த ஒரு விளக்குத் திட்டத்தில் குடிசைக்கு ஒரே பல்பு. பல்பு மாட்டும் இடத்திலிருந்தே ஓர் ஒயரை இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

பெட்டி ஊமையானால்

பழைய கைவானொலியில் வரும் பழுதுகளில் மிகுதியானவை மின்சாரம் சேரும் வழியில் இருப்பவை. பட்டணத்து ரேடியோ மெக்கானிக் பெட்டியைத் திறக்குமுன் பின்மூடியைத்தான் முதலில் கழற்றுவார். அன்று அவர் செய்த சோதனைகள் இன்றும் அப்படியே பொருந்தும். பரணில் கிடக்கும் பழைய பெட்டியை எடுத்து வைத்திருப்பவர்கள் இதே வரிசையில் பார்க்கலாம்.

முதலில் கட்டை. மீட்டரை வைத்தால் தீர்ந்த கட்டையும் 1.3 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுமை இல்லாதபோது அது அப்படித்தான் காட்டும். மெக்கானிக் ஒரு டார்ச் பல்பை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்துப் பார்ப்பார். பல்பு மங்கினால் கட்டை போய்விட்டது. டார்ச்சுக்கு ஆகாத கட்டை உடனே குப்பைக்குப் போகாது. டார்ச் பல்பு 300 மில்லிஆம்பியர் கேட்கும், வானொலிக்கு 20 போதும். இரவில் மடை திறக்கப் போகிறவர் டார்ச்சில் கழித்த கட்டை வானொலியில் இன்னும் சில நாள் பேசும்.

கட்டையை வெயிலில் காயவைப்பது எல்லா ஊரிலும் உண்டு. மூட நம்பிக்கை என்று சிரிப்பவர்களும் உண்டு. பயன் இல்லாமல் இல்லை. தொடர்ந்து மின்சாரம் எடுக்கும்போது கரிக்கோலைச் சுற்றி வேதிமாற்றம் தேங்கி உள்தடை கூடும். ஓய்வு கொடுத்தால் தேக்கம் கலையும். சூடு பட்டால் அது விரைவாகக் கலையும். அரை மணி நேரப் பாட்டு கிடைக்கும். கரைந்துபோன துத்தநாகம் மட்டும் எந்த வெயிலிலும் திரும்பாது. முற்றும் செத்த கட்டையையும் வீணாக்கவில்லை. உள்ளே இருந்த கருப்புப் பொடி பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூச்சாயிற்று, கரிக்கோல் பிள்ளைகளின் கைக்குப் போனது.

அடுத்து கட்டை உட்காரும் அறை. துத்தநாகக் குப்பியே கரைந்து மின்சாரம் தருவதால், தீர்ந்த கட்டை ஓட்டையாகிக் கசியும். கசிவு தகரத் தகட்டையும் சுருள்வில்லையும் அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பூக்கவைக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் கசிவே இல்லாமலும் துரு ஏறும். கட்டை புதிது, பெட்டி நலம், நடுவில் களிம்பு. தட்டினால் பாடும், விட்டால் நிற்கும். உப்புத்தாளால் தேய்த்து, சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். இன்றைய ஆல்கலைன் கட்டையின் கசிவு வேறு வகை, அது காரம். அதற்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரம் போகக் காயவைக்க வேண்டும். தகடு முழுவதும் அரித்துப்போனால் நம் ஊரில் ஒரு மாற்றுவழி இருந்தது. நான்கு கட்டையைப் பழைய சைக்கிள் டியூப்பில் வரிசையாகச் செருகி, இரு முனையிலும் ஒயர் வைத்துக் கட்டி, பெட்டிக்கு வெளியே தொங்கவிடுவார்கள். ரப்பரின் இழுப்பே சுருள்வில்லின் வேலையைச் செய்யும்.

கட்டையும் தகடும் நன்றாக இருந்தும் பெட்டி பேசாவிட்டால் பக்கவாட்டில் உள்ள சிறிய துளையைப் பார்க்க வேண்டும். வெளிமின்சாரம் கொடுக்கும் ஜாக் அது. அதற்குள் ஒரு வில்தகடு இருக்கிறது. வெளியிலிருந்து செருகியைச் செருகினால் அந்தத் தகடு விலகிக் கட்டையின் இணைப்பைத் துண்டிக்கும். செருகியை எடுத்தால் மறுபடி தொட வேண்டும். வருடக்கணக்கில் செருகியே கிடந்தால் வில் தளர்ந்து விலகியபடியே நின்றுவிடும். களிம்பு ஏறினாலும் தொடாது. எலிமினேட்டரில் பாடுகிறது, கட்டையில் பாடவில்லை என்றால் பத்துக்கு எட்டு இதுதான். ஒரு செருகியை நாலைந்து முறை செருகி எடுத்தாலே சில பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டி பேசும், ஆனால் ‘பட் பட் பட்’ என்று விசைப்படகு போல ஓடும் என்றால் இரண்டு காரணம். கட்டையின் உள்தடை ஏறியிருக்கலாம். புதுக் கட்டை போட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால், மின்சாரத்தைச் சமன் செய்யும் எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர் காய்ந்துபோயிருக்கிறது. அதற்குள் இருக்கும் ஈரக்கூழ் வருடங்களில் உலர்ந்துவிடும். நாற்பது வயதுப் பெட்டியில் இதைச் சந்தேகிக்காமல் இருக்கக் கூடாது. இரைச்சல் மட்டும் வருகிறது, நிலையம் எதுவும் இல்லை என்றால் மின்னழுத்தம் இறங்கி அலையியற்றி நின்றுவிட்டது. மாலையில் வால்வுப் பெட்டிக்கு நேர்ந்த அதே கதி. சத்தக் குமிழோடு சேர்ந்த சுவிட்ச் தேய்வதும் உண்டு.

எலிமினேட்டர்

கட்டைச் செலவைத் தவிர்க்க வந்தது ‘பேட்டரி எலிமினேட்டர்’. 230 வோல்ட்டை 6 வோல்ட்டாக்கும் சிறிய மின்மாற்றி, டயோடு, ஒரு கண்டன்சர், அவ்வளவுதான் உள்ளே. 1970களில் பெரும்பாலான ஊர்களுக்கு மின்சாரம் வந்த பிறகு ரேடியோ கடைகளே இதைச் சொந்தமாகக் கட்டி விற்றன. மலிவாகக் கட்டியதில் கண்டன்சர் போதாது; பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சுருதிப்பெட்டி ஓடும். 6 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 9 வோல்ட் வரை போகும்.

பெரிய ஆபத்து வேறு. அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை பி.என்.பி. வகை. அவற்றைக் கொண்டு செய்த பல பெட்டிகளில் பொதுப்புள்ளி நேர்முனை. பின்னர் வந்த சிலிக்கான் பெட்டிகளில் அது எதிர்முனை. ஜாக்கின் நடுமுள்ளும் ஒரு பெட்டியில் நேர், இன்னொன்றில் எதிர். பக்கத்து வீட்டு எலிமினேட்டரை வாங்கிச் செருகியவர் முனை மாறியதால் ஒரே நொடியில் டிரான்சிஸ்டர்களை இழந்தார். பழைய பெட்டிக்கு இன்று வெளிமின்சாரம் கொடுப்பவர் முதலில் கட்டை அறையிலிருந்து ஜாக் வரை எந்த முனை எங்கே போகிறது என்று மீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் சார்ஜர் வழியாகக் கொடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. அது 5 வோல்ட்தான் என்பது ஒருபுறம். அதற்குள் நடக்கும் வேகமான மின்துடிப்பு மத்திய அலை முழுவதும் இரைச்சலாகப் பரவும். திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இந்த வேலைக்கு இன்றும் கட்டையே சிறந்தது.

புயல் இரவுகள்

1977 நவம்பர் 12ல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயல் டெல்டாவில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. மின்கம்பங்கள் சாய்ந்தால் எலிமினேட்டருக்கு மதிப்பில்லை. புயல் எங்கே இருக்கிறது, எப்போது கடக்கும் என்பதைச் சொல்லக்கூடியது கட்டை போட்ட பெட்டி ஒன்றுதான். கடற்கரை மீனவர் வீடுகளில் கார்த்திகை மாதத்துக்கு முன் புதுக் கட்டை வாங்கிவைப்பது வெறும் பழக்கமாக வந்ததல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கடந்தபோது, தென்னை சாய்ந்ததைப் போலவே மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசிகள் ஓரிரு நாளில் அணைந்தன, கோபுரங்களும் பேசவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த இடத்தில் கைப்பேசிக்கு மின்னேற்ற வரிசை நின்றது. பெட்டிக்கடையில் நான்கு கட்டை வாங்கிப் போட்டு உடனே செய்தி கேட்கும் வசதி, 1966ல் தேநீர்க் கடைப் பெட்டிக்கு இருந்தது, அந்த நவம்பரில் பெரும்பாலான வீடுகளில் இல்லை.

ஏ.டி.டி. 27 இப்போது டெல்டா வயல்களில் கிடையாது. அதன் இடத்துக்கு ஏ.டி.டி. 36, 37, 43 என்று குறுவை ரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வானொலியின் பெயர் அவற்றில் எதற்கும் ஒட்டவில்லை.